மலையேறும் வாகனத்தின் புதுமை பழமை நிர்ணயம்: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

மலையேற்றத்தில் அபிலாஷையும் மாதச் சம்பளமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற கிருகஸ்தன் ஒருவன், நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை செல்லும் வாகனம் ஒன்றை வாங்கத் துணியுங்கால், அதனைப் புதிதாகவே வாங்குவதா, பிறர் ஓட்டி அலுத்ததை வாங்குவதா என்னும் வினா, தேநீர்க் கடை வாசல்களில் ஓயாது வாதிக்கப்பட்டு வந்தபோதிலும், அதுபற்றி அடிக்குறிப்புகளோடு கூடிய பெருநூல் ஒன்று நம் புலமையுலகில் தோன்றாதது பெருங்குறை என்றே யாம் கருதுகிறோம். அக்குறையை நீக்குவது எம் நோக்கமன்று. அக்குறை எத்துணைப் பெரியது என்பதை விரித்துக் காட்டுவதே நோக்கம். ஒரு வினாவுக்கு விடை கூறிவிட்டால் அதன்மேல் இரண்டாவது ஆராய்ச்சி நிகழ இடமில்லாது போகும் என்பதைத் துறைத்தலைவர் அனைவரும் அறிவர்.

ஆராய்ச்சிப் பொருளை முதற்கண் வரையறுத்தல் மரபு. 1947ஆம் ஆண்டில் வில்லிஸ் ஜீப்புகளை இந்நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கிய மகீந்திராவின் வண்டி முதலாக, 1985இல் மாருதி வெளியிட்ட ஜிப்ஸி, 2010இல் தோன்றிப் பின்னர் 2020இல் வேறோர் உடலெடுத்த தார், 2023இல் வந்த ஜிம்னி ஈறாக, இவை யாவற்றையும் நம் மக்கள் பேதம் பாராட்டாது ‘ஜீப்பு’ என்றே வழங்குவதால், யாமும் அவ்வாறே வழங்குவோம். அச்சொல்லின் பிறப்பை ஆராய்வதும் மரபேயாயினும், அதில் இறங்கியவர் எவரும் கரையேறியதில்லையாகையால் விடுத்தோம்.

இவ்விஷயத்தில் புதியர், பழையர் என இரு கட்சியினர் உளர். இரு கட்சியாரும் தமக்குப் பிரமாணமாக நன்னூலாரையே காட்டுவது வியப்பு. தம் நூலின் கடைசிச் சூத்திரத்தில் பவணந்தியார் பழையவற்றுக்கும் புதியவற்றுக்கும் கால வகையால் நேரும் கதியைக் கூறி, அது குற்றமாகாதெனத் தீர்த்திருக்கிறார். புதியது வருவது குற்றமன்றாதலால் ஷோரூமுக்குச் செல்க என்பர் புதியர். கழிந்துபோகும் பழையது கழிந்தபின் எங்கே செல்கிறது என்பதை ஆசிரியர் கூறாமல் விட்டது குறிப்பினால் உணர வைத்தற்பொருட்டென்றும், அது எம்மிடமே வந்து சேர்கிறதென்றும் பழையர் உரைகாண்பர். இருசாராரும் கவனியாத ஒன்றுண்டு: பவணந்தியார் தவணையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

புதுமையாவது யாது? வாகனத்தின் புதுமை எக்கணத்தில் தொடங்கி எக்கணத்தில் அழிகிறது என்பதைத் தத்துவ நூலார் எவரும் தொடாதபோது, இன்சூரன்ஸ் நூலார் துணிந்து தொட்டிருக்கின்றனர். அவர்தம் தேய்மான அட்டவணைப்படி, ஆறு மாதம் நிரம்பாத வண்டிக்கே மதிப்பில் 5 சதவீதம் கழிவு, ஆறு மாதத்துக்கு மேல் ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, அப்பால் ஆண்டுக்குப் பத்தாக ஏறி, ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் 50. அதாவது, மாலையும் சந்தனமுமாக ஷோரூம் வாசற்படியை விட்டு இறங்குகின்ற வண்டி, தெருமுனையை அடையுமுன்னரே, அட்டவணையின் கண்ணுக்கு முற்றும் புதியதன்று. எப்பொருளும் தோன்றிய கணத்திலேயே அழிகிறதென்ற பௌத்தரின் க்ஷணபங்க வாதத்தை நம் நாட்டில் இன்றளவும் அனுஷ்டானத்தில் வைத்திருப்போர் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளே எனத் துணிந்து கூறலாம். இதனால் புதிய வண்டி என்பதொன்று இல்லவேயில்லை என்றும், உள்ளவை எல்லாம் பழைய வண்டியின் பல்வேறு அவஸ்தைகளே என்றும் முடிக்கலாமாயினும், முடித்தால் கட்டுரை இவ்விடத்தே நின்றுவிடுமாதலின் மேற்செல்கிறோம்.

இனி நிலப்பாகுபாடு. மணல்: தேரிக்காட்டில் புதைந்த ஜீப்பைப் புதியதாயினும் பழையதாயினும் டிராக்டரே இழுக்கும். நீர்: ஆழம் தெரியாமல் இறங்கலாகாது. பனி: எம் நிதிநிலைக்கு அப்பாற்பட்டது. காடு: சரணாலயத்துள் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம், வனத்துறையின் தடைக்கம்பம் வண்டியின் வயதை வினவுவதில்லை. எனவே எஞ்சியது மலை.

புதியர் கட்சியின் வாதம் சுருக்கமானது. அதனைச் சுருக்கமாகவே கூறுவோம். புதிய வண்டியில் காற்றுப்பைகள் உள்ளன. வழுக்கலில் பிரேக்கு மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். உண்டு, 2020ஆம் ஆண்டின் மோதற்சோதனையில் புதிய தார் நான்கு நட்சத்திரம் பெற்றது. 1980களின் ஜீப்பை அச்சோதனைக்கு உட்படுத்தியிருப்பின் நட்சத்திரங்களைக் கண்டிருக்கக்கூடியவர் ஓட்டியவர் மட்டுமே. இவற்றுக்கு மறுப்பாகப் பழையர் கூறுவது, பாரத் ஸ்டேஜ் ஆறு விதி 2020 ஏப்ரலில் வந்தபின், டீசல் வண்டியின் புகைக்குழலில் வடிகட்டியும் என்ஜினெங்கும் சென்சாரும் குடியேறிவிட்டன. மலைமேல் ஒரு விளக்கு எரிந்தால் அதன் பொருளை அறியக் கணினி வேண்டும். பழைய ஜீப்பின் நோய்க்கோ பன்னிரண்டு–பதின்மூன்று ஸ்பேனரும் சிறிது கோபமும் போதும் என்பதாம். இரண்டும் உண்மையாதலின் இதில் ஆராய்ச்சிக்கு இடமில்லை.

ஆராய்ச்சிக்கு இடமெல்லாம் பழைய வண்டியிலேயே இருக்கிறது. அதனைத் தேர்வதற்குக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளும் வேண்டும். மலையிற் புகை கண்டவிடத்து நெருப்புண்டென அனுமானித்தல் தருக்க நூலார் காட்டும் பழைய உதாரணம். அவர்கள் பழைய டீசல் ஜீப்பைக் கண்டிராததால் புகையை ஒன்றெனவே கொண்டனர், அது மூவகைப்படும். நீலப் புகை கண்டவிடத்துப் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறதென்றும், கரும்புகை கண்டவிடத்து நாசிலோ காற்று வடிகட்டியோ கெட்டதென்றும், என்ஜின் சூடேறிய பின்னரும் வெண்புகை நில்லாவிடத்து ஹெட் கேஸ்கெட் வழியே தண்ணீர் உட்புகுகிறதென்றும் அனுமானிக்க. தருக்கம் அறிந்த புரோக்கரோ, நாம் வருமுன்னரே என்ஜினை ஓட்டிச் சூடேற்றி வைத்து, குளிர்ந்த என்ஜின் முதன்முதற் கக்கும் புகையாகிய ஹேதுவையே மறைத்துவிடுவார். ஆதலால், வண்டியைக் காணச் செல்வோன் வணக்கம் கூறுமுன் பானட்டைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். அது சுடுமாயின் வணக்கம் கூறாமலே திரும்பலாம்.

உரையளவை என்பது புரோக்கரின் வாக்கு. எப்பழைய வண்டியையும் அதற்குமுன் ஓட்டியவர் ஒரு டாக்டரே என்பதும், அவரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டுமே எடுத்தார் என்பதும் இவ்வாக்கின் சாரம். இதனை ஆப்தவாக்கியமாகக் கொண்டால், தமிழகத்து மருத்துவர்கள் வைத்தியத்தை விட்டு வண்டி விற்பதையே தொழிலாகக் கொண்டனர் எனவும், வாரத்தில் ஆறு நாள் நடந்தே திரிந்தனர் எனவும் ஒரு சமூக வரலாறு எழுத நேரும். இதனினும் மெல்லிய ஆதாரங்கொண்டு எழுதப்பட்ட சமூக வரலாறுகள் பாடநூல்களாக இருப்பதை யாம் அறிவோம்.

கால ஆராய்ச்சியில் அகச்சான்று, புறச்சான்று என இரண்டுண்டு. மீட்டர் புறச்சான்று, கிளச்சு மிதியின் ரப்பர், ஸ்டீயரிங்கின் மேற்றோல், ஓட்டுநர் இருக்கையின் இடப்பெயர்ச்சி ஆகியன அகச்சான்று. மீட்டர் இருபதாயிரம் கிலோமீட்டர் என்று கூற, மிதியின் ரப்பரோ வரி முழுதும் அழிந்து கோயிற் படிபோல் வழுவழுத்திருக்குமாயின், அகச்சான்றையே கொள்க. தொல்காப்பியத்தின் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் கூசாது நகர்த்திப் பழகிய அறிஞர்கள் இத்துறைக்கு வந்திருப்பின் மீட்டர் திருத்துவோர் வேலையிழந்திருப்பர். வேற்றுமை ஒன்றே: அறிஞர் தம் பொருளை முதுமையாக்குவர், புரோக்கர் தம் பொருளை இளமையாக்குவர், இருவர் கையிலும் இருப்பது ஒரே திருப்புளி.

சாசனவியலுக்கும் இதில் இடமுண்டு. சேசிஸில் பொறிக்கப்பட்ட பதினேழு இலக்க அடையாளத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பது ஆர்.டி.ஓ. அலுவலக வழக்கம், கல்வெட்டுத் துறையார் மைப்படி எடுப்பதற்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். அவ்வடையாளத்தில் ஐ, ஓ, க்யூ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் வருவதில்லை. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் மயங்கும் என்றஞ்சி விலக்கிவிட்டனர். புள்ளியின்றி எழுதியும், எகர ஒகரங்களிற் குறில் நெடில் பேதங்காட்டாதும், காலையும் ரகரத்தையும் ஒன்றேபோற் கீறியும் ஓலையெழுதிச் சென்ற நம் முன்னோர் இத்தகைய முன்னெச்சரிக்கையைக் கைக்கொள்ளாமற் போனதை எண்ணி எண்ணி யாம் மகிழ்கிறோம். கைக்கொண்டிருப்பரேல் எத்தனை பேராசிரியர்களுக்கு வேலை இருந்திராது!

பட்டி பூசி மேலே பெயிண்டடித்த கதவு, இடைச்செருகல் எனப்படும். காந்தத்தைக் கொண்டு தடவினால் மூலபாடமாகிய இரும்பில் ஒட்டும்; தடித்த பட்டியாகிய செருகலில் ஒட்டாது வழுவும். காப்பியங்களுக்கு இத்தகைய காந்தம் ஒன்று கண்டுபிடிக்கப்படவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவோ இதனினும் கண்டிப்பானது. தயாரித்தவர் கொடுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாதென 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மலையேறும் ஆர்வலர் பலர் ஆசையோடு மாட்டிய கொழுத்த டயரும் இரும்பு பம்பரும் அத்தீர்ப்பின் நிழலிலேயே நிற்கின்றன. பாடம் சிதைந்துள்ளது என்று பிரகடனம் செய்து தமக்குப் பிடித்த சொல்லை மாட்டிவிடும் பதிப்பாசிரியர் சிலருக்கும் இத்தகைய பிரிவொன்று இருக்குமாயின் நன்று. அபராதம் மட்டும் சற்று அதிகமாக இருக்கலாம்.

இனி, எம் ஆராய்ச்சியின் உயிர்நிலையாகிய எலுமிச்சம்பழ வாதத்துக்கு வருவோம்.

புதிய வண்டி வாங்கியவர் அதனைக் கோயில் வாசலில் நிறுத்தி, மாலையிட்டு, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கொன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிச் செல்வது நாடறிந்த சடங்கு. சென்னைப் பல்லவன் சாலையில் எழுந்தருளியுள்ள பாடிகார்டு முனீஸ்வரர் இத்துறையில் தலைமை வகிப்பவர். சாதாரண வண்டிக்குப் பழம் நான்கு என்பதில் கருத்துவேற்றுமை இல்லை. ஜீப்புக்கோ, பின்கதவின் வெளிப்புறத்தில், உலகமே பார்க்க, ஸ்டெப்னி எனப்படும் ஐந்தாம் சக்கரம் தொங்குகிறது. அதற்குப் பழம் உண்டா இல்லையா என்பதில் நாற்கனியார், ஐங்கனியார் என்னும் இரு சம்பிரதாயங்கள் பிறந்தன.

ஐங்கனியார் வாதம் இது: மலைப்பாதையில் கூர்ங்கல் குத்தி டயர் வெடித்தவிடத்து, ஒருபுறம் பாறையும் மறுபுறம் பாதாளமுமாக நிற்கையில், அவ்விடத்து ஏறி அமர்வது ஸ்டெப்னி, ஆபத்து மிக்க இடத்தில் நம்மைத் தாங்கப்போவதற்கே திருஷ்டி கழியாதிருப்பின், மற்ற நான்குக்குக் கழித்ததனால் வந்த பயன் என்னை? நாற்கனியார் மறுப்பு: சம்ஸ்காரம் சக்கரத்துக்கன்று, ஸ்தானத்துக்கே ஆகும்; முன்வலம், முன்னிடம், பின்வலம், பின்னிடம் என்னும் நான்கு ஸ்தானங்களும் ஒருமுறை சுத்தியடைந்தபின் அவற்றில் எச்சக்கரம் வந்தமர்ந்தாலும் சுத்தமே. இதற்குச் சான்றாக அவர்கள் டயர் மாற்றி மாட்டும் வழக்கத்தைக் காட்டுவர். பட்டன் சீராகத் தேயும்பொருட்டு ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களையும் சுழற்சியில் மாட்டுவோர் உளர். ஓரிரு சுழற்சிக்குப்பின் எந்த டயர் எந்தப் பழத்தை நசுக்கியதென்று முனீஸ்வரரும் அறியார்.

இவ்விருவரையும் இணக்கவந்த சமரசவாதிகள், ஐந்தாம் பழத்தை ஸ்டெப்னியின் நடுக்குழியிற் செருகினால் போதுமென்றனர். நசுங்காத பழம் சாதத்துக்கு ஆகுமேயன்றிச் சடங்குக்கு ஆகாதென இருதரத்தாரும் ஒருமித்துக் கூறி அவர்களை விலக்கினர். வாழ்நாளில் இவர்கள் ஒத்துப்போன இடம் இதுவும் பின்வரும் இன்னொன்றுமே.

இலக்கணிகள் வந்து சேர்ந்ததும் சிக்கல் பெருகிற்று. பின்சக்கர இழுவையில் நிற்கும் ஜீப்பில் என்ஜினின் விசை பின்சக்கரங்களுக்கே செல்லுகிறது. முன்சக்கரங்கள் பின்னிருந்து தள்ளப்பட்டு உருளுகின்றன. எனவே பின்சக்கரம் பழத்தை நசுக்குவது தன்வினை. முன்சக்கரத்தால் பழம் நசுங்குவது செயப்பாட்டுவினை. செயப்பாட்டுவினையால் திருஷ்டி கழியுமா? கழியாதெனக் கொண்ட கடும்பற்றாளர், கோயில் வாசலிலேயே கியரை ஃபோர்–ஹைக்குத் தள்ளி நான்கு சக்கரங்களையும் கருத்தாவாக்கிய பின்னரே நசுக்குக என விதித்தனர். நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாத ஜீப்பைக் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையில் திருப்பினால், முன்னும் பின்னும் சுற்றும் வேகம் ஒவ்வாமல் தண்டுகள் முறுக்கேறும் என்பது மெக்கானிக்குகளின் சித்தாந்தம். ஆதலால், பழம் நசுக்கியவர் திரும்பாமல் நேரே செல்லல் வேண்டும் என ஓர் உபவிதி சேர்க்கப்பட்டது. நேரே எதுவரை என்பதற்கு விளக்கம் கிட்டவில்லை.

ஐங்கனியார் தம் கொள்கைக்கு எழுத்துச் சான்று காட்டியதும் வாதம் உச்சத்தை அடைந்தது. அச்சான்று ஒரு பட்டறையின் மேற்குச் சுவரில், ஜன்னலுக்கு வடக்கே, தரையிலிருந்து ஏறக்குறைய ஓர் ஆள் மார்பளவு உயரத்தில், கரிக்கட்டியால், இடமிருந்து வலமாகத் தொடங்கி இடம்போதாமையாற் கீழ்நோக்கி வளையும் மூன்று வரிகளாக உள்ளது. முதல் வரி பஞ்சர்க் கணக்கு. மூன்றாம் வரி தேநீர்க் கடன். இடைப்பட்ட வரியில் ‘எலு’ என்னும் ஈரெழுத்தும், ஒரு க்ரீஸ் விரற்பதிவும், அதற்கப்பால் 5 என்னும் எண்ணும் விளங்குகின்றன. எஞ்சியதை ஓர் அம்மன் காலண்டர் மறைத்துக்கொண்டிருக்கிறது. ‘எலுமிச்சை ஐந்து’ என ஐங்கனியார் பாடங்கொள்வர். விரற்பதிவை ரூபாய்க் குறியாகக் கொண்டு, பழமொன்றின் விலை ஐந்து என்பதே பொருளென நாற்கனியார் மறுப்பர். மூன்றாமவர் ஒருவர், ‘எலு’ என்பதற்கும் எலுமிச்சைக்கும் சம்பந்தமில்லையென்றும், பட்டறையில் எலித்தொல்லை மிக்கிருந்ததை எழுதியவரின் எழுத்துப்பிழை காட்டுகிறதென்றும், ஐந்து பிடிபட்டனவென்றும், இம்முடிபு தமக்கு ஒரு கருத்தரங்கின் மதிய உணவு இடைவேளையில் உதித்ததென்றும் எழுதினார். காலண்டரைத் தூக்கிப் பார்த்தால் மீதி தெரியுமே எனப் பட்டறைப் பையன் கூறியதை, அது ஆராய்ச்சி நெறிக்கு முரணென்று அனைவரும் ஒருமுகமாக நிராகரித்தனர். முன்னர்க் குறித்த இரண்டாவது உடன்பாடு இதுவே.

பழைய வண்டிக்கு இது எவ்வாறு பொருந்தும்? முதலாளி மாறும்போது முன்னவர் நசுக்கிய பழத்தின் பலன் பின்னவரைச் சேருமா? உரிமை மாற்றத்துக்குரிய 29ஆம் படிவத்திலும் 30ஆம் படிவத்திலும் பழத்துக்கெனக் கட்டம் இல்லை. கடன் தீர்ந்ததற்கு 35ஆம் படிவம் உண்டு. திருஷ்டி தீர்ந்ததற்கு இல்லை. பதிவுச் சான்று பதினைந்தாண்டு நிறைந்து, எஃப்.சி. காட்டி ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கும்போது பழத்தையும் புதுப்பிக்க வேண்டுமா என்னும் கிளைவினாவைத் தனி நூலாக எழுதவிருப்பதால், அதனைப் பிறர் எவரும் தொடலாகாதெனக் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம் நூலாராய்ச்சி முற்றிய நிலையில், களச்சான்று ஒன்றை நோக்குதல் முறை. தேனி மாவட்டத்து எல்லையில் 7,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வண்டியிற் செல்வோர், கேரளத்துச் சூரியநெல்லி வழியாகவே செல்கின்றனர். பாதையென்று அங்கே வழங்குவது, பெருங்கற்கள் தத்தம் விருப்பப்படி உட்கார்ந்திருக்கும் ஓர் ஏற்றம். விடியலில் சூரியோதயம் காணச் செல்வோர், இன்னும் பிளாஸ்டிக் உறை கழற்றாத இருக்கைகளையுடைய தத்தம் புதிய வண்டிகளைக் கீழே நிறுத்திவிட்டு, வயதறியவொண்ணாத மகீந்திரா ஜீப்புகளில் வாடகை கொடுத்து ஏறுகின்றனர். கதவில்லாத ஒன்று, கைப்பிடியாகக் கயிறு கட்டிய ஒன்று, முன்விளக்குகள் இரண்டும் வெவ்வேறு திசை நோக்கும் ஒன்று என அவை வரிசையாக, முதல் கியரில் உறுமிக்கொண்டு, ஒன்றன் புகையை ஒன்று உண்டு மேலேறுகின்றன. ஷோரூமில் ஃபோர்–லோ கியரின் மகிமையைக் கேட்டு அதற்கெனவே இலட்சக்கணக்கில் அதிகங்கொடுத்தவர், அந்தக் கியரைத் தம் வாழ்நாளில் முதன்முறையாக அனுபவிப்பது பிறருடைய ஜீப்பின் பின்பலகையில் குந்தியிருந்தே.

புதியதா, பழையதா எது மலைக்கு உகந்ததென அங்குள்ள ஓட்டுநர்களை வினவினால், அவர்கள் அவ்வினாவைச் செவியேற்பதில்லை. எத்தனை பேர் என்றுமட்டும் திருப்பிக் கேட்கின்றனர். ஏற்றத்தில் வண்டியை நிறுத்துங்கால் அவர்கள் பின்சக்கரத்துக்கு அண்டைகொடுக்கும் கருங்கல், எலுமிச்சையின் மலைநாட்டுத் திரிபே என ஐங்கனியார் நிறுவ முற்பட்டுள்ளனர். ஆயினும் இக்களச்சான்று முழுவதும் இருகட்சிக்கும் உதவாததோடு, எம் ஆராய்ச்சி எற்றுக்கு என்னும் விபரீத ஐயத்தையும் படிப்போர் உள்ளத்தில் விளைக்குமாதலால், இதனைப் பின்னிணைப்பிற்குத் தள்ளுவதெனத் தீர்மானித்தோம். பின்னிணைப்பு எழுத நிதியுதவி வேண்டி விண்ணப்பித்திருக்கிறோம். அதில் களப்பணிச் செலவு என்னும் தலைப்பின்கீழ்ப் புதிய வண்டி ஒன்றும், இதரச் செலவு என்னும் தலைப்பின்கீழ் எலுமிச்சம்பழம் ஐந்தும் குறிக்கப்பட்டுள்ளன.